உங்கள் டொமைன் பெயரில் யார் மெயில் அனுப்புகிறார்கள்?

புதுச்சேரியில் இப்போது ஒயிட் டவுன் கெஸ்ட் ஹவுஸ் முதல் மிஷன் வீதி துணிக்கடை வரை பலரும் சொந்த டொமைன் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் பணமும் கட்டுகிறார்கள். ஆனால், அந்தப் பெயரைப் போட்டு யார் வேண்டுமானாலும் இ-மெயில் அனுப்பலாம் என்பது பலருக்குத் தெரியாது. பிரான்சிலிருந்து அறை கேட்டு எழுதியவருக்கு உங்கள் முகவரியிலிருந்தே வந்தது போல ஒரு மெயில் போகிறது. முன்பணம் கட்டச் சொல்லி அதில் வேறு யாருடைய வங்கிக் கணக்கோ இருக்கிறது. பணம் போனால் அவர் உங்களிடம்தான் வந்து நிற்பார்.

1982ல் மெயில் அனுப்பும் முறையை வகுத்தபோது, அனுப்புநர் முகவரி உண்மையா என்று சோதிக்கும் வழி அதில் இல்லை. தபால் உறையில் அனுப்புநர் என்று யார் பெயரையும் எழுதலாம் அல்லவா, அதே கதைதான். இதற்கான தீர்வு உங்கள் டொமைனின் டி.என்.எஸ். பகுதியில் இருக்கிறது. டொமைன் பெயருக்கு உரிய சர்வர் எண்ணைத் தேடித் தரும் டைரக்டரி தான் டி.என்.எஸ். அதில் டெக்ஸ்ட் ரெக்கார்ட் என்ற ஒரு குறிப்பையும் எழுதி வைக்கலாம். "என் பெயரில் மெயில் அனுப்ப இந்த சர்வர்களுக்கு மட்டுமே அனுமதி" என்று அதில் எழுதுவதே எஸ்.பி.எப். மெயிலைப் பெறும் சர்வர் இதைப் படித்துப் பார்க்கும்.

டொமைன் வாங்கிய நிறுவனத்தின் தளத்தில் லாக்-இன் செய்து, டி.என்.எஸ். பகுதியைத் திறக்கவும். புதிய ரெக்கார்ட், வகை டெக்ஸ்ட். பெயர் கட்டத்தில் பெரும்பாலும் @ குறி மட்டும் போதும். மதிப்பு கட்டத்தில், உங்கள் மெயில் சேவையின் உதவிப் பக்கத்தில் தந்திருக்கும் வரியை அப்படியே காப்பி செய்து ஒட்டி, சேவ் செய்திடவும். எஸ்.பி.எப். வரி ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. வரியின் கடைசியில் வரும் 'ஆல்' என்ற சொல்லுக்கு முன் கழித்தல் குறி இருந்தால், மற்றவர்களை மறுக்கவும் என்று பொருள். கூட்டல் குறி இருந்தால் ஊருக்கே அனுமதி! அதற்கு எழுதாமலேயே இருக்கலாம்.

எஸ்.பி.எப். மட்டும் போதாது. அது சோதிப்பது, படிப்பவர் கண்ணில் படாத திரும்பும் முகவரியைத்தான். கண்ணில் படும் முகவரியையும் சேர்த்து ஒப்பிட, மெயிலில் கையெழுத்து இடும் டி.கே.ஐ.எம்., பொய்யானால் என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் ஆகிய இரண்டும் வேண்டும். டிமார்க்கை முதலில் 'நன்' என்று வைத்து, உங்கள் சொந்த மெயில்கள் ஒழுங்காகப் போகின்றனவா என்று சில வாரம் பார்த்த பிறகு 'ரிஜெக்ட்' ஆக்கலாம். தினமும் 5,000 மெயில்களுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புபவர்களுக்கு இம்மூன்றையும் கூகுள் 2024 பிப்ரவரியில் கட்டாயமாக்கியது. சிறியவர்களுக்கும் எஸ்.பி.எப். அல்லது டி.கே.ஐ.எம். இருக்க வேண்டும்.

"எங்களுக்கு ஜிமெயில்தான், டொமைன் வெப்சைட்டுக்கு மட்டுமே" என்பவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். மெயில் அனுப்பாத டொமைனுக்கும் "யாருக்கும் அனுமதி இல்லை" என்று ஒரு வரி எழுத வேண்டும்.

இதையெல்லாம் வெப்சைட் செய்து தந்தவரே பார்த்துக்கொள்வார் என்று விடுவதை நான் ஏற்க மாட்டேன். பல கடைகளுக்கு டொமைன் அவர் பெயரிலேயே இருக்கிறது; பாஸ்வேர்டும் அவரிடமே. அவர் வேலை மாறி சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விட்டால் ஒரு வரி மாற்றவும் வழியில்லை. பணம் கொடுக்கும்போதே டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மெயில் முகவரியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். கடைச் சாவியைப் பெயின்டரிடம் விட்டுவைப்போமா?

ரெக்கார்ட் சேர்த்த மறுநாள், அந்த முகவரியிலிருந்து உங்கள் ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பவும். கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' கிளிக் செய்தால், எஸ்.பி.எப். எதிரே 'பாஸ்' என்று இருக்கிறதா, இல்லையா என்று தெரிந்துவிடும்.