கதவுக்குப் பின்னால் இரண்டு மணி நேரம்

மும்பையில் நாய்க்கு முடி வெட்ட ஆள் கிடைப்பது சுலபம். நம்பி ஒப்படைக்க ஆள் கிடைப்பதுதான் சிரமம்.

பாந்த்ரா, ஜுஹூ, அந்தேரி, போவாய் என்று மும்பையின் வசதியான பகுதிகளில் நாய்களுக்கான பார்லர்கள் பெருகிவிட்டன. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், சுவரில் ரிப்பன் கட்டிய ஷிட்ஸுவின் படம். அதற்கும் போக நேரமில்லாதவர்களுக்குத் தொட்டி, மேஜை, உலர்த்தும் இயந்திரம் சகிதம் வேனே வாசலுக்கு வந்துவிடுகிறது. குளியல், முடி, நகம், காது எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரம் ஆகலாம். உரிமையாளர் அதற்குள் காய்கறி வாங்கிவிட்டு வருகிறார். பளபளவென்று வாசனையோடு வெளியே வருகிறது நாய். உள்ளே என்ன நடந்தது என்பதை மட்டும் அதனால் சொல்ல முடியாது.

பார்லரைத் தேர்ந்தெடுக்க பெரும்பாலோர் பார்ப்பது மூன்று: வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு பணம், படங்கள் எப்படி இருக்கின்றன. நாயின் உயிருக்கும் தோலுக்கும் இந்த மூன்றாலும் உத்தரவாதம் இல்லை. சட்டமும் அதிகம் உதவாது. நாய் இனப்பெருக்கம் செய்து விற்பவர்களுக்கு 2017லும், வளர்ப்புப் பிராணிகளை விற்கும் கடைகளுக்கு 2018லும் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. நாயைக் குளிப்பாட்டி முடி வெட்டுபவர் இன்ன பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று அவை சொல்லவில்லை. சில வாரப் பயிற்சி முடித்தவரும், பத்து வருடம் கிளிப்பர் பிடித்தவரும் ஒரே மாதிரி பலகை மாட்டிக்கொள்ளலாம். பிராணி வதைக்கு 1960ம் வருடச் சட்டம் முதல் குற்றத்துக்கு விதித்த அபராதமோ 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஆக, விசாரிக்க வேண்டிய பொறுப்பு உரிமையாளர் தலையில்தான்.

முதலில் விசாரிக்க வேண்டியது உலர்த்தும் முறையை. நாயின் இயல்பான உடல் வெப்பமே 38லிருந்து 39.2 டிகிரி செல்ஷியஸ். மனிதனைப் போல அதற்கு உடலெங்கும் வியர்க்காது. பாதங்களில் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். மும்பையின் ஈரக்காற்றில் அதுவும் முழுதாகப் பலிப்பதில்லை. இப்படிப்பட்ட பிராணியைக் கூண்டில் அடைத்து, சூடான காற்றைத் திருப்பிவிட்டு, ஊழியர் அடுத்த நாயைக் கவனிக்கப் போய்விட்டால் ஆபத்து. உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படலாம், உயிரே போகலாம். 2003ல் வந்த ஹட்ச் விளம்பரத்துக்குப் பிறகு நாடெங்கும் செல்லமாகிவிட்ட பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். மூச்சுவிடும் வழியே அவற்றுக்குக் குறுகல். ‘கையில் பிடித்து உலர்த்துவீர்களா, கூண்டிலா? கூண்டு என்றால் பக்கத்தில் யார் நிற்பார்?’ என்று கேட்டால், வருகிற பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

அடுத்தது மொட்டை. ஏப்ரல் பிறந்ததுமே, ‘பாவம், வேகுது. முழுக்க எடுத்துவிடுங்கள்’ என்று கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு, ஹஸ்கி, ஸ்பிட்ஸ் நாய்களைக் கூட்டி வருகிறார்கள். இந்த இனங்களுக்கு இரண்டு அடுக்கு முடி. வெளியே நீண்ட முடி. உள்ளே பஞ்சு போன்ற அடிமுடி. வெயில் நேராகத் தோலைச் சுடாமல் காப்பது வெளி அடுக்குதான். அதை ஒட்டச் சிரைத்தால் மறுபடி வளர மாதக்கணக்காகலாம். சில நாய்களுக்குத் திட்டுத் திட்டாகத்தான் வளரும். தேவைப்படுவது, உதிரும் அடிமுடியைப் பொறுமையாக வாரி எடுப்பது மட்டுமே. பணம் வருகிறதே என்று சிரைத்துவிடுபவரை விட, ‘இந்த நாய்க்கு மொட்டை அடிக்க மாட்டேன்’ என்று வாடிக்கையாளரைச் சங்கடப்படுத்துகிறவரே தொழில் தெரிந்தவர்.

ஷிட்ஸு, பூடில் கதை வேறு. அவற்றின் முடி வளர்ந்துகொண்டே இருக்கும். வெட்டித்தான் ஆக வேண்டும். வாராமல் விட்டால் காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் சிக்கு விழுந்து தோலை இழுக்கும். மழைக்காலத்தில் அதனடியில் ஈரம் தங்கிப் புண்ணாகும். முற்றிய சிக்கை மணிக்கணக்கில் பிடுங்குவதைவிட ஒட்ட வெட்டுவதே நாய்க்கு வலி குறைவு. நாய் சில வாரம் அழகாக இருக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுபவரைச் சந்தேகிக்கத் தேவையில்லை.

மூன்றாவது, ஊசி மருந்து. சீறுகிற நாயை அடக்க மயக்க மருந்து கொடுக்கிறேன் என்று பார்லர்காரர் சொன்னால், அந்த நிமிடமே நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். பிராணிகளுக்கு வைத்தியம் செய்யும் உரிமையைப் பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்களுக்கே தருகிறது 1984ம் வருட இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம். வயதான நாய்க்கோ இதய நோய் உள்ள நாய்க்கோ அளவு தப்பினால் என்னாகும் என்பது மருத்துவருக்குத்தான் தெரியும்.

மற்றவற்றைக் கண்ணாலும் மூக்காலும் தெரிந்துகொள்ளலாம். முதல் முறை நாயில்லாமல் போய்ப் பார்ப்பது நல்லது. நாய்களைக் கையாளும் அறை வெளியிலிருந்து தெரிகிறதா? உள்ளே பார்க்கக் கேட்டால் தயங்குகிறார்களா? ஒரு நாய்க்கும் அடுத்த நாய்க்கும் நடுவே பிளேடைக் கிருமிநாசினியால் துடைக்கிறார்களா? துடைக்காத பிளேடு, பூஞ்சைப் படையை நாயிலிருந்து நாய்க்குக் கொண்டுபோகும். அங்கிருந்து வீட்டுக் குழந்தைக்கும் வரும். மேஜையில் கழுத்துக் கயிறு மாட்டிய நாயைத் தனியே விட்டுவிட்டு யாராவது தொலைபேசியை எடுக்கப் போகிறார்களா? குதித்தால் அது தூக்குக் கயிறு. மனிதர்களின் ஷாம்பூ இருக்கிறதா? மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது; நாயின் தோல் அப்படியல்ல. ஒருவருக்கானது மற்றவருக்கு ஒத்துக்கொள்ளாது.

அவர்கள் கேட்கும் கேள்விகளும் முக்கியம். தடுப்பூசி அட்டை எங்கே, உண்ணி இருக்கிறதா, கடித்த வழக்கம் உண்டா, காதில் சீழ் வந்ததா என்று எதுவுமே கேட்காமல் நாயை வாங்கிக்கொள்ளும் இடத்தில் எல்லா நாயும் அப்படித்தான் வந்திருக்கும். அவசரமென்றால் எந்த மருத்துவரைக் கூப்பிடுவீர்கள் என்பதற்கும் அவர்களிடம் உடனே பதில் இருக்க வேண்டும். பரேலில் 1883லிருந்து பிராணிகள் ஆஸ்பத்திரி இயங்கும் நகரம் இது. போக்குவரத்து நெரிசலில் அங்கே போய்ச் சேருவதற்குள் காலம் கடந்துவிடக் கூடாது.

உரிமையாளருக்கும் கடமை உண்டு. கடிக்கும் நாயைக் ‘குழந்தை மாதிரி’ என்று பொய் சொல்லி ஒப்படைப்பது அந்த ஊழியரின் விரல்களுக்குச் செய்யும் துரோகம். குட்டியிலிருந்தே பாதத்தையும் காதையும் தொட்டுப் பழக்கி, வீட்டிலேயே வாரிவிட்டு வந்தால் மேஜையில் போராட்டம் இருக்காது. முதல் தடவை குளியலும் நகமும் போதும். முடிவெட்டு அடுத்த முறை. ரசீதை வாங்கி வைத்துக்கொள்வதும் உதவும். சேவைக் குறைபாடு என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக அதுதான் ஆதாரம்.

வீடு திரும்பியதும் ரிப்பனை அவிழ்த்துவிட்டு வயிறு, அக்குள், விரலிடுக்கு, காதின் உட்புறம் எல்லாம் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். சிவப்போ கீறலோ இருக்கிறதா, மூச்சிரைப்பு அடங்கிவிட்டதா என்று தெரிந்துவிடும். குளியலைக் கண்டால் ஓடும் நாய்கள் நிறைய. வாசலில் அடம்பிடிப்பதை மட்டும் வைத்து ஒரு பார்லரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் குளியலுக்கு அஞ்சாத நாய் அந்தத் தெரு முனையிலேயே காலை ஊன்றி நின்றால், அடுத்த முறை வேறு தெருவுக்குப் போவதுதான் நல்லது.