கடுகளவும் மூன்றாவது வாசிப்பும்

சிறு வயதில் அல்லாஹ்வைப் பற்றி எனக்கு முதலில் சொல்லித் தரப்பட்டது பயம்தான். சோற்றை மிச்சம் வைத்தால், மூத்தவர்களை எதிர்த்துப் பேசினால், "அல்லாஹ் கோபிப்பான்" என்பார் உம்மும்மா. அவரைக் குறை சொல்லவில்லை, அன்போடுதான் சொன்னார். ஆனால் நான் வளர வளர அந்தப் பயம் வேறொரு வடிவம் எடுத்தது. குர்ஆன் வகுப்பில் 'ஏன்' என்று கேட்க நினைக்கும்போதெல்லாம், அப்படிக் கேட்பதே பாவமோ என்று பேசாமல் இருந்துவிடுவேன். இதை வாசிக்கும் சகோதரிகளில் என்னைப் போன்றவர்கள் பலர் இருப்பீர்கள்.

இவ்வருட ரமழானில் ஸூரா ஃபாதிரைத் தர்ஜுமாவுடன் ஓதியபோது 28ஆவது வசனத்தில் நின்றுவிட்டேன். அல்லாஹ்வின் அடியார்களில் அறிவுடையோரே அவனை அஞ்சுகின்றனர் என்ற கருத்துடைய வசனம் அது. உலமாக்களின் சிறப்பைச் சொல்லும் மேடைகளில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். ஆனால் அதற்கு முன்னால் என்ன வருகிறது என்று நான் பார்த்ததே இல்லை. வானத்திலிருந்து இறங்கும் மழை, அதனால் விளையும் பல நிறக் கனிகள், மலைகளில் வெள்ளையும் சிவப்பும் கருங்கறுப்புமாக ஓடும் பாதைகள், மனிதரிலும் உயிரினங்களிலும் கால்நடைகளிலும் காணும் நிற வேறுபாடுகள். இவற்றையெல்லாம் காட்டிய பிறகுதான் அச்சம் பற்றிய பேச்சே வருகிறது. தாவரவியல், புவிச்சரிதவியல், விலங்கியல் எல்லாம் இரண்டு வசனங்களுக்குள்! (நான் உயிரியல் பிரிவு மாணவி என்பதால் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.) கேள்வி கேளாமல் தலை குனிந்திருப்பவளின் பயம் அல்ல இது. உற்றுப் பார்த்தவளுக்குள் பிறக்கும் அச்சம்.

அங்கே வரும் சொல் 'கஷ்யத்' என்ற வேரைச் சேர்ந்தது. ஒன்றின் மகத்துவத்தை அறிந்ததால் உண்டாகும் அச்சம் என்று அதற்கு விளக்கம் சொல்வர். சாதாரணப் பயத்துக்கு 'கவ்ஃப்' என்ற சொல் இருக்கிறது. 'தக்வா'வின் வேரிலோ தன்னைக் காத்துக்கொள்ளுதல் என்ற பொருள் உண்டு. தமிழில் நாம் மூன்றையும் பெரும்பாலும் 'அச்சம்' என்றே எழுதிவிடுகிறோம். என் குழப்பத்தில் பாதி அங்கேதான் தொடங்கியது என நினைக்கிறேன்.

மீதிப் பாதி ஆய்வுகூடத்தில் தெளிந்தது. சென்ற தவணையில் இரசாயனவியல் செய்முறை, நியமிப்பு. மூன்று வாசிப்புகள் எடுக்க வேண்டும். இரண்டுதான் எடுத்திருந்தேன், அவையும் பொருந்தவில்லை. மணி அடித்துவிட்டது. மூன்றாவதை நானே எழுதினேன், இரண்டாவதிலிருந்து 0.10 மட்டும் விலகும்படி. ஆசிரியை சரி போட்டுவிட்டார். அத்தோடு ஆசிரியை மீதிருந்த பயம் முடிந்தது.

பொருத்தமான பொய்யை எழுதுவதற்கும் எனக்கு இரசாயனவியல் தெரிய வேண்டியிருந்தது. அறிவு இருந்தது, அது களவுக்கு உதவியது. அல்குர்ஆன் லுக்மானுக்குக் கொடுக்கப்பட்டதாகச் சொல்லும் 'ஹிக்மத்' வேறு. பெரும்பாலான அறிஞர்களின் கருத்துப்படி அவர் நபியல்லர், ஞானம் வழங்கப்பட்ட ஒரு நல்லடியார். அவர் தன் மகனுக்குச் சொல்கிறார்: ஒரு செயல் கடுகின் வித்தளவே ஆயினும், அது பாறைக்குள் இருந்தாலும், வானங்களில் இருந்தாலும், பூமிக்குள் இருந்தாலும் அல்லாஹ் அதை வெளியே கொண்டு வருவான். 0.10 என்பதும் கடுகளவுதானே. யூத, கிறிஸ்தவ வேதத்தின் நீதிமொழிகள் நூலும் ஞானத்தின் தொடக்கமாக இறையச்சத்தையே வைக்கிறது. யாரும் பார்க்காத இடத்தில் தொடங்குவது என்பதால்தான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள் போலும்.

இறைநம்பிக்கை இல்லாதவர்களிலும் நேர்மையானவர்கள் இருக்கிறார்களே என்று தோழி ஒருத்தி கேட்டாள். இருக்கிறார்கள், மறுக்கவில்லை. எங்களிடையே ஐவேளை தொழுதுவிட்டு மற்றவளின் குறிப்பேட்டைப் பார்த்து எழுதுபவர்களும் இருக்கிறோம். நான் சொல்ல வந்தது எங்களைப் பற்றித்தான். பரீட்சை மேற்பார்வையாளர் திரும்பிப் பார்க்கிறாரா என்று கவனிக்கும் பயத்தை இறையச்சம் என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறோமா என்பதே என் கேள்வி.

பெருநாள் விடுமுறை முடிந்து வந்ததும் மூன்றாவது வாசிப்பை வெட்டிவிட்டு ஆசிரியையிடம் குறிப்பேட்டைக் கொடுத்தேன். கை நடுங்கியது உண்மை. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு இடைவேளையில் வந்து செய்யச் சொன்னார். வாசிப்புகள் மூன்றும் பொருந்துவதற்கு ஐந்து தடவை செய்ய வேண்டியிருந்தது.