மாமாக்கள் கேட்கும் கையெழுத்து

"பணம் வந்துச்சு, பாசம் போச்சு" என்று கம்பம் பள்ளத்தாக்கில் அடிக்கடி கேட்கிறேன். எனக்கு இதில் உடன்பாடில்லை. கணக்கு முன்பே இருந்தது. பணம் அதை வெளியே கொண்டுவந்தது, அவ்வளவுதான்.

2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. புறவழிச்சாலை ஓரத்து நிலத்தைச் சென்ட் கணக்கில் பேசத் தொடங்கினார்கள். அண்ணன்மாருக்குத் தங்கச்சி நினைப்பும் வந்தது, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க!

1929இலேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை கேட்டது. 1989இல் தமிழ்நாட்டுச் சட்டம் வந்தது. அதற்குமுன் மணமான என் அம்மாவை அது சேர்க்கவில்லை. 2005 மத்தியத் திருத்தம் சேர்த்தது. மாமாக்கள் சொன்னது: "நகை போட்டுத்தானே கட்டிக்குடுத்தோம், தாய்மாமன் சீர் வேணாமா?" சீர் என்பது பங்கை மறுப்பதற்கான முன்பணம்.

மகளுக்கு நிலம் போனால் அவள் கட்டுகிறவன் வீட்டுக்கும் போகும். சாதி மாறிக் கட்டினால்? பயம் அங்கேதான் இருக்கிறது. விடியலில் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறும் நிலமற்ற தலித் பெண்களிடம் எந்த அண்ணனும் கையெழுத்துக் கேட்பதில்லை. ஏலக்காய் 7,000 தொட்டபோதும் அவர்களுக்குக் கூலிதான்.

கறுப்புச் சட்டையோடு பத்திரப்பதிவு அலுவலகத்துக்குத் தங்கையைக் கூட்டிப்போகும் தோழர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.