வெளியே வைத்த தேநீர்

லகாட் பக்கத் தோட்டங்களில் திடலில் இறங்கி விளையாடிய தாத்தா, மாமா பல வீடுகளில் உண்டு. அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இருக்காது. பல்வங்கர் பாலுவின் கதையைப் படித்தபோது அவர்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

பாலு 1876இல் தார்வாடில் பிறந்தவர். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பம். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மாதம் 4 ரூபாய் சம்பளத்துக்குத் திடலைப் பராமரித்தார். கிரெய்க் என்ற ஆங்கிலேயர் பயிற்சி எடுக்க, மணிக்கணக்கில் பந்து வீசினார். இடக்கைச் சுழல் அப்படித்தான் கைக்கு வந்தது.

வெள்ளையரை ஜெயிக்க வேண்டுமே! புனே இந்துக்களும் தங்கள் அணியில் அவரைச் சேர்த்தார்கள். திடலில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண் குவளையில் தேநீர்.

1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். ஆனாலும் இந்துக்கள் அணியின் தலைவர் பதவியை அவருக்குத் தரவில்லை. தம்பி விட்டலுக்கு 1923இல் கிடைத்தது.

அமெரிக்காவில் இதே கதை நிறத்தின் பெயரால் நடந்தது. கறுப்பர் லீக்குகளில் பேஸ்பால் வீசிய சாச்செல் பேய்ஜ், 1948இல், 42 வயதில்தான் பெரிய லீக்கில் நுழைந்தார். பாலுவுக்கு அதுவும் வாய்க்கவில்லை. இந்தியா முதல் டெஸ்ட் ஆடிய 1932இல் அவருக்கு வயது 56. அந்த அணியில் நம் கோலாலம்பூரில் பிறந்த லால் சிங் இருந்தார்.

திறமை இருந்தால் தானாக மேலே வரலாம் என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். கதவை யார் பூட்டியது என்பதையும் சேர்த்துச் சொல்வோம். இந்த வாரம் உங்கள் தாத்தாவிடம் எந்தத் திடலில், யாரோடு ஆடினார் என்று கேளுங்கள். பெயரோடு எழுதி வையுங்கள்.