இலவச உலாவிக்கு யார் படி அளக்கிறார்கள்?

சுங்கை புரோங் – நெல் வயலை ஒட்டிய கம்பத்து வீடானாலும் செம்பனைத் தோட்டத்து வீடானாலும், பிள்ளைகளின் மடிக்கணினியில் ஃபயர்பாக்ஸ் உலாவி இருந்தால் அதற்கு யாரும் ஒரு காசு கட்டியிருக்க மாட்டார்கள். 'சும்மா கிடைக்கிறது' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் அதை எழுதிப் பராமரிக்கும் பொறியாளர்களுக்கு மாதச் சம்பளம் உண்டு. அந்தச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி 2025இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நீதிமன்றம் வரை போனது.

ஃபயர்பாக்ஸ், மொஸில்லா அறவாரியத்தின் வெளியீடு. 2003இல் தொடங்கிய இந்த லாப நோக்கமற்ற அமைப்பு, நிரல் முழுவதையும் பொதுவில் வைத்திருக்கிறது. யாரும் படிக்கலாம், மாற்றலாம். 2005இல் தனக்குக் கீழ் ஒரு நிறுவனத்தையும் அமைத்துக் கொண்டது. வருமானத்தின் பெரும்பகுதி அந்த நிறுவனத்தின் வழிதான் வருகிறது. 2023இல் மொத்த வருமானம் 65 கோடி டாலர். அன்றைய மதிப்பில் 300 கோடி ரிங்கிட்டை நெருங்கும்.

பெரிய தொகைதான். கொடுப்பவர் யார் என்பதில்தான் சிக்கல். 2025 மே மாதம் சாட்சியம் அளித்த மொஸில்லாவின் நிதித்துறைத் தலைவர் எரிக் முல்ஹைம், வருமானத்தில் ஏறக்குறைய 90 விழுக்காடு ஃபயர்பாக்ஸ் வழி வருவதாகவும், அதில் சுமார் 85 விழுக்காட்டைக் கூகுள் தருவதாகவும் கூறினார். உலாவியில் தேடினால் முதலில் கூகுள் திறக்க வேண்டும். அதற்கான கட்டணம் அது.

தோட்டத்துக் கோயில் நிர்வாகத்தில் இருந்தவர்களுக்கு இது புரியாத கணக்கல்ல. திருவிழாவின் எல்லா நாள் உபயத்தையும் ஒரே குத்தகையாளர் ஏற்றுக்கொண்டால் நிர்வாகத்துக்கு நிம்மதி. வீடு வீடாக ரசீதுப் புத்தகம் தூக்க வேண்டியதில்லை. அவர் கை விரிக்கும் ஆண்டில்தான் ரதம் வெளியே வருமா என்ற கேள்வி எழும். மொஸில்லாவின் கதை இன்னும் ஒரு படி விசித்திரம். அந்த உபயகாரரே பக்கத்தில் குரோம் என்ற பெரிய கோயிலைக் கட்டி, கூட்டத்தில் பெரும்பகுதியை இழுத்துக் கொண்டிருக்கிறார்.

தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் செலுத்துகிறது என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். இத்தகைய கட்டணங்களையே தடை செய்ய வேண்டும் என்று அமெரிக்க அரசு கேட்டது. ஏகபோகத்தை எதிர்க்கப் பிறந்த மொஸில்லா, ஏகபோகக்காரர் தரும் பணத்தை நிறுத்தாதீர்கள் என்று நீதிமன்றத்தில் நிற்க வேண்டியதாயிற்று. 2025 செப்டம்பரில் நீதிபதி கட்டணத்தைத் தடை செய்யவில்லை. தனியுரிமை ஒப்பந்தங்களை மட்டும் தடுத்தார். மொஸில்லா இப்போதைக்குத் தப்பித்தது.

பணம் வந்த ஆண்டுகளில் அது எங்கே போனது? ஃபயர்பாக்ஸ் கைப்பேசி இயங்குதளத்தை 2013இல் சந்தைக்குக் கொண்டு வந்து, சில ஆண்டுகளில் கைவிட்டார்கள். 2017இல் வாங்கிய பாக்கெட் செயலியை 2025 ஜூலையில் மூடினார்கள். 2020 ஆகஸ்டில் சுமார் 250 பேரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். 2022இல் அப்போதைய தலைமை நிர்வாகியின் ஆண்டு ஊதியம் 69 லட்சம் டாலரைத் தொட்டது. இதற்கு எந்த விளக்கம் சொன்னாலும் வேலை போனவர் வீட்டில் அது எடுபடாது. கையிருப்பு 100 கோடி டாலருக்கு மேல் இருப்பதையும் பலர் குறை சொல்கிறார்கள். அது மட்டும் நியாயமான குறையல்ல. ஒரே உபயகாரரை நம்பி இருப்பவர் சேமித்து வைக்கத்தான் வேண்டும்.

இதில் தமிழுக்கு என்ன? மனிதர் பேசுவதைக் கணினி புரிந்துகொள்ள, மக்களின் குரல் பதிவுகளைப் பல மொழிகளிலும் சேகரித்துப் பொதுவில் வைக்கும் காமன் வாய்ஸ் திட்டம் மொஸில்லாவுடையது. 2017இல் தொடங்கியது. தமிழும் அதில் உண்டு. பெரிய நிறுவனங்கள் லாபம் பார்த்துத்தான் ஒரு மொழியைச் சேர்க்கும். இங்கே பேச ஆள் இருந்தால் போதும். ஆனால் 2020 ஆள்குறைப்புக்குப் பின் பேச்சறிதல் ஆய்வுக் குழு கலைந்தது. 2021இல் என்விடியா நிறுவனம் தந்த 15 லட்சம் டாலர் காமன் வாய்ஸுக்குக் கைகொடுத்தது. மீண்டும் ஒரு பெரிய உபயகாரர். 2024 நவம்பரில் அறவாரியம் தன் ஊழியர்களில் 30 விழுக்காட்டினரைக் குறைத்தபோது, பொதுமக்கள் உரிமைக்காகக் குரல் கொடுக்கும் பிரிவே போனது.

அதே குடும்பத்தில் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளின் கதை வேறு. 2012இல் அது முக்கியமில்லை என்று மொஸில்லா ஒதுக்கி வைத்தது. பிறகு பயன்படுத்துவோரிடமே கை நீட்டினார்கள். 2022இல் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட நன்கொடைகளில் 64 லட்சம் டாலர் சேர்ந்தது. ஒரு நன்கொடை சராசரியாக 20 டாலர்தான். எதை முதலில் செய்வது என்பதைத் தீர்மானிப்பதில், தன்னார்வப் பங்களிப்பாளர்கள் தேர்ந்தெடுத்த மன்றத்துக்குப் பங்கு உண்டு. 1960இல் தோட்டத் துண்டாடலின்போது துன் சம்பந்தன் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பியதை அறிந்த தலைமுறைக்கு இந்தக் கணக்கு அந்நியமாகத் தெரியாது.

தமிழகத்தின் கணியம் சிறிய அளவில் இதே வழியில் நடக்கிறது. 2012இல் கட்டற்ற மென்பொருள் பற்றிய மின்னிதழாகத் தொடங்கி, 2018இல் அறக்கட்டளையாகப் பதிவானது. வரவு செலவை வெளிப்படையாக வைக்கிறது. இத்தகைய அமைப்புகளுக்குப் புதுத் திட்டத்தைத் தொடங்கப் பணம் கிடைத்துவிடும், மேடையும் மாலையும் உண்டு. பழையதைப் பழுது பார்க்கக் கேட்டால்தான் கொடுப்பவர் யோசிப்பார்.

ஃபயர்பாக்ஸின் தமிழ் இடைமுகமும் தொண்டூழியர் கைவேலைதான். புதிய பதிப்பு நான்கு வாரத்துக்கு ஒரு முறை வருகிறது. ஒவ்வொன்றிலும் புதுச் சொற்றொடர்கள் தமிழாக்கத்துக்குக் காத்திருக்கும். வேலை முடிந்து வீடு திரும்பிய யாரோ ஒருவர் இரவில் அதைத் திறந்தால் அடுத்த பதிப்பில் தமிழ் இருக்கும். திறக்காவிட்டால் அந்த இடத்தில் ஆங்கிலமே தெரியும்.