பயம்தான் காரணமா?

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஒரகடம் தொழிற்பேட்டைப் பக்கம் புதிதாகக் குடிவருகிறவர்களிடம் சில மாதங்களில் ஒரு பேச்சு வந்துவிடும்: "இந்த ஊர் தண்ணி சேரல, முடி கொத்துக்கொத்தா வருது." வல்லம் வடகாலிலும் மாம்பாக்கத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகிற பெண்கள் பலர் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். போர் தண்ணீர் உப்பு, லாரித் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறதோ தெரியாது, ஆகவே பழி தண்ணீர் மேல். தண்ணீர் இல்லையென்றால் டென்ஷன்: நைட் ஷிப்ட், டார்கெட், மாதாமாதம் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம். இரண்டும் உண்மையான தொல்லைகள்தான். ஆனால் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்தாலும் முடி கொட்டும். டென்ஷன் என்று ஒருவர் சொல்லிவிட்டால், ரத்தம் எடுத்துப் பார்க்கும் எண்ணமே யாருக்கும் வருவதில்லை.

எங்கள் வீட்டுப் பூனைக்கும் இதுவே நடந்தது.

சிட்டு வாசலைத் தாண்டாதவள். பயந்த சுபாவம். ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாகத் தெருமுனையில் திரும்பும்போது ஹாரன் கேட்டால் பரண் மேல் ஏறிவிடுவாள். சிங்கப்பெருமாள் கோவில் சாலையில் கண்டெய்னர் லாரி பிரேக் போட்டால் கட்டிலடி. விருந்தாளி வந்தால் அன்று முழுக்கக் கண்ணில் படமாட்டாள். அவளுக்கு அடிவயிற்றிலும் பின்னங்கால் உட்புறத்திலும் முடி போகத் தொடங்கியது. புண் இல்லை, செதில் இல்லை, சிவப்பு இல்லை. சிரைத்துவிட்டதுபோல் வழவழவென்று வெறும் தோல்.

"தண்ணிதான் காரணம்" என்றார் கீழ்வீட்டு அக்கா. "பயந்த பூனைம்மா, ஒரு தடவை மந்திரிச்சிக் கயிறு கட்டு" என்றார் வீட்டுக்கார அம்மா. முதலில் பார்த்த டாக்டர் கூடையைத் திறக்காமலே ஸ்ட்ரெஸ் என்றார். மூன்று பேரும் அக்கறையோடு சொன்னவர்கள். ஆனால் தண்ணீரையும் அவளுடைய குணத்தையும் சொன்னார்களே தவிர, மூவரில் யாரும் தோலைப் பார்க்கவில்லை.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்கினார்: முடி தானாக உதிர்கிறதா, பூனையே நக்கிப் பிய்க்கிறதா? இதற்கு விலை உயர்ந்த சோதனை எதுவும் தேவையில்லை. வழுக்கையின் ஓரத்திலிருந்து நாலைந்து முடியைப் பிடுங்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் போதும். தானாக உதிரும் முடியின் நுனி இயல்பாகக் கூர்ந்திருக்கும். நக்கிய முடியின் நுனி ஒடிந்து மொட்டையாக இருக்கும். பூனையின் நாக்கு முழுக்கச் சின்னச் சின்ன முட்கள், அரம்போல் அறுக்கும். "அவ நக்கி நான் பார்த்ததே இல்லையே டாக்டர்" என்றேன். பயந்த பூனை மனிதர் எதிரில் நக்காது, பரணில் போய் நக்கும் என்றார். பூனையின் கழிவில் கற்றை கற்றையாக முடி வந்தாலும் அது ஓர் அடையாளம். சிட்டுவின் முடி நுனிகள் எல்லாம் ஒடிந்திருந்தன.

நக்குகிறது என்று தெரிந்ததும் உடனே மனக்கோளாறு என்று முடிவு கட்டுவது வழக்கம். 2006இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஓர் ஆய்வை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். மன அழுத்தத்தால் முடி பிய்க்கின்றன என்று கருதப்பட்ட 21 பூனைகளை எடுத்துக்கொண்டு, ஒன்று விடாமல் எல்லாச் சோதனையும் செய்து பார்த்தார்கள். 16 பூனைகளுக்கு உடல் நோய் மட்டுமே காரணம். மூன்றுக்கு உடலும் மனமும் சேர்ந்து. வெறும் மனக் காரணம் இரண்டே இரண்டுக்குத்தான். உணவு ஒவ்வாமை 12 பூனைகளுக்கு இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும், தோல் சதையை வெட்டிச் சோதித்தும் குறை எதுவும் தெரியாத ஆறு பூனைகளில்கூட நான்குக்கு ஒவ்வாமை இருந்தது என்பதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. மேலே ஒன்றும் தெரியவில்லை என்பதால் உள்ளே ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது.

நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தெள்ளுப்பூச்சி. வெளியே போகாத பூனைக்குத் தெள்ளு எப்படி வரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நம் கால்சட்டையிலும் மிதியடியிலும் வரும். மொட்டைமாடிக்கு வரும் தெருப்பூனை விட்டுப்போகும். முன்பு குடியிருந்தவர் நாய் வளர்த்திருந்தால் தரை இடுக்கில் கூட்டுப்புழுவாக மாதக்கணக்கில் காத்திருக்கும். குளிர்நாடுகளில் தெள்ளுக்கென்று ஒரு பருவம் உண்டு. காஞ்சிபுரம் மாவட்டத்தில் பன்னிரண்டு மாதமும் அதற்கு ஏற்ற வெப்பம்தான். ஒவ்வாமை உள்ள பூனைக்கு ஒன்றிரண்டு கடியே போதும், தெள்ளின் எச்சில் பட்ட அரிப்பு நாள்கணக்கில் நிற்கும். அரிப்பு தாளாமல் நக்கும்போது பூனை அந்தத் தெள்ளையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. அதனால்தான் தேடினால் கிடைப்பதில்லை. முதுகில் சீப்பால் வாரி, விழுகிற கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைத் தாளில் போட்டுப் பாருங்கள். சுற்றிலும் செம்பழுப்பாகக் கறை பரவினால் அது தெள்ளின் எச்சம், செரித்த ரத்தம்.

இங்கே ஒரு எச்சரிக்கை, உயிர்போகிற விஷயம். கழுத்தில் சொட்டுவிடும் நாய் மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாய் தாங்கும், பூனை தாங்காது. அதை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. நடுக்கம், வலிப்பு, சாவு. 'சின்ன நாய்க்கு உள்ளதுதானே, பாதி விடலாம்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். டெட்டால் போட்டுத் துடைப்பதும் வேண்டாம், அதையும் பூனை நக்கும். மனிதர் மாத்திரையும் கூடாது: ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

மெடிக்கலில் கிடைக்கும் தோல் களிம்பும் வேண்டாம். பூனைக்குப் படர்தாமரை வந்தாலும் வட்டமாக முடி போகும். அது குழந்தைக்கும் தொற்றும். ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவினால் அரிப்பு அடங்கியதுபோல் தெரியும், பூஞ்சை மேலும் பரவும். வேறு காரணங்களும் உண்டு. அடிவயிற்றை மட்டும் நக்குகிற பூனைக்குச் சிறுநீர்ப்பையில் வலி இருக்கலாம். கடுவன் பூனை மணல்பெட்டியில் போய் முக்கி, சொட்டுக்கூட வராமல் திரும்பினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, அன்றே டாக்டர். உணவு ஒவ்வாமையா என்று பார்க்க, இதுவரை தின்னாத ஒரே வகை இறைச்சியை மட்டும் எட்டு வாரம் போல் கொடுக்க வேண்டும். நடுவில் பக்கத்து வீட்டார் பாசத்தில் ஒரு கருவாட்டுத் தலை போட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இத்தனையையும் விலக்கிய பிறகு பயத்துக்கு வரலாம். பயம் பொய்யென்று நான் சொல்லவில்லை. ஷிப்ட் வீடுகளில் ஒரு வாரம் விடிகாலையில் சோறு, மறுவாரம் நள்ளிரவில் சோறு என்று மாறிக்கொண்டே இருந்தால் பூனைக்கு நாள் என்பதே பிடிபடாது. யார் எந்த ஷிப்டில் இருந்தாலும் சாப்பாட்டு நேரம் மாறாமல் பார்த்துக்கொள்ளலாம். பரணிலோ பீரோ மேலோ அட்டைப்பெட்டி வைத்து, அதில் இருக்கும்போது யாரும் தொடாமல் விடலாம்.

பயந்த பூனையை டாக்டரிடம் கொண்டுபோவதே பலருக்குப் பெரிய தடை. கூடையைச் சில நாள் முன்பே வீட்டுக்குள் திறந்து வைத்து, அதற்குள்ளேயே சாப்பாடு வையுங்கள். போகும்போது துண்டு போட்டு மூடுங்கள். பயணத்துக்கு முன் கொடுக்கக் காபாபென்டின் மாத்திரை உண்டு, அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சிட்டுவுக்கு இருந்தது தெள்ளு ஒவ்வாமை. பூனைக்கான மருந்தை மாதாமாதம் போட்டு, பாய், தலையணை எல்லாம் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைத்தோம். முடி மெல்ல வளர்ந்துவிட்டது. ஹாரன் கேட்டால் இன்றும் பரண்தான்.

இந்தத் தொழிற்பேட்டைப் பகுதியில் வாடகை அறைகளில் பூனை வளர்க்கும் இளம் தொழிலாளர்கள் பெருகிவருகிறார்கள். அரசு கால்நடை மருந்தகங்களின் வேலை பெரும்பாலும் மாட்டுக்கும் ஆட்டுக்குமானது. இந்தக் கிராமங்களுக்கு அது தேவையும்கூட. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக இங்கிருந்து 40, 50 கிலோமீட்டர். அதற்கு ஒரு நாள் சம்பளம் போகும். கால்நடைப் பராமரிப்புத் துறையிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் வாரத்தில் ஒரு மாலை, ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு எட்டும் நேரத்தில், செல்லப் பிராணிகளுக்கென்று ஒரு டாக்டரையும் ஒரு மைக்ராஸ்கோப்பையும் ஒதுக்குங்கள்.