கற்பூரம் காட்டிய பெட்டி

'விம்கோ நகரா, அதென்ன பெயர்?' என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். 'தீப்பெட்டிக் கம்பெனி பெயர்தாங்க' என்று சொல்லிவிட்டுத்தான் நாங்கள் அடுத்த பேச்சுக்குப் போவோம். ஸ்வீடன்காரர்கள் நடத்திய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி சுருங்கி விம்கோ ஆனது. அந்தப் பெயர் ஊருக்கு வந்தது, மின்சார ரயில் நிலையத்துக்கு வந்தது, 2021 பிப்ரவரியில் மெட்ரோ நிலையத்துக்கும் வந்தது. இங்கே மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்கினால், தங்கசாலைப் பக்கம் கொஞ்சம் நடை. தமிழ் சினிமா முதன்முதலில் வாய் திறந்த இடம் அங்கேதான் இருந்தது. கினிமா சென்ட்ரல் என்ற கொட்டகை. பின்னாளில் அதுவே முருகன் டாக்கீஸ்.

1931 அக்டோபர் 31இல் 'காளிதாஸ்' அங்கே வெளியானது. பம்பாயிலிருந்து படச்சுருள் வந்த பெட்டியைச் சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து வால்டாக்ஸ் சாலை வழியே மக்கள் ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள் என்று சினிமா வரலாறு எழுதியவர்கள் சொல்வார்கள். பூ தூவி, தேங்காய் உடைத்து, கற்பூரமும் காட்டினார்களாம். அந்தக் காலத்து பிலிம் நைட்ரேட்டில் செய்தது. ஒரு பொறி பட்டால் போதும், பற்றிக்கொண்டு எரியும். தண்ணீர் ஊற்றினாலும் அடங்காது. தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எங்கள் தெருப் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "மருந்து இருக்கிற பக்கம் பீடியே எடுத்துட்டுப் போக முடியாது எங்களுக்கு. இவங்க கற்பூரமே ஏத்துனாங்களா?" என்று சிரித்தார்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தவர் டி. பி. ராஜலட்சுமி. 'தமிழின் முதல் பேசும்பட நாயகி' என்று போட்டித் தேர்வுப் புத்தகங்களில் ஒரு வரியாக நிற்கிறார். அந்த ஒரு வரிதான் அவருக்கு நாம் செய்த பெரிய அநீதி என்பது என் எண்ணம். 'முதல்' என்று பட்டம் கட்டிவிட்டால், அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்று கேட்க வேண்டியதில்லை அல்லவா?

திருவையாற்றில் 1911இல் பிறந்தவர். விவரம் தெரியாத வயதில் கல்யாணம். வரதட்சணைப் பேச்சில் அது முறிந்தது. தகப்பனாரும் போனபின் தாயோடு திருச்சிக்கு வந்தார். சி. எஸ். சாமண்ணா நாடகக் கம்பெனியில் சேர்ந்தபோது அவர் சிறுமி. சங்கரதாஸ் சுவாமிகளின் சிபாரிசு கைகொடுத்தது என்பார்கள். பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டிய காலம் அது. ஒரு பிராமணக் குடும்பத்துப் பெண் மேடையேறினால் ஊர் என்ன பேசியிருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் அடுப்பு எரிய அவர் பாடியாக வேண்டியிருந்தது, பாடினார்.

அந்த மேடைப் பயிற்சிதான் பிறகு சோறு போட்டது. மைக் இல்லாமல் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரர் காதுக்கும் எட்டும்படி பாடிய குரல். பின்னணிப் பாடகர் என்ற ஏற்பாடே வராத நாட்களில், பேசும்படம் எடுக்க வந்தவர்களுக்கு அழகைவிட இந்தக் குரல் முக்கியம். மௌனப் படங்களில் ஏற்கெனவே நடித்திருந்த ராஜலட்சுமியை, அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனிக்காக இயக்குநர் எச். எம். ரெட்டி பம்பாய்க்கு அழைத்தார். 'காளிதாஸி'ல் அவர் தமிழில் பேசிப் பாட, நாயகன் பி. ஜி. வெங்கடேசன் தெலுங்கில் பதில் சொன்னார். யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மகாகவி காளிதாசன் கதைக்கு நடுவே காந்தியின் ராட்டினத்தைப் புகழும் மதுரகவி பாஸ்கரதாஸ் பாட்டு வேறு. ஜனங்கள் கதை பார்க்கப் போகவில்லை. திரை பேசுவதைக் கேட்கப் போனார்கள்.

சென்னையில் அப்போது ஒலிப்பதிவு செய்ய ஸ்டுடியோ கிடையாது. 1934இல் ஏ. நாராயணன் ஸ்ரீனிவாசா சினிடோன் தொடங்கும்வரை தமிழ் பேச பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ ரயில் ஏற வேண்டும். சாமிக்கண்ணு வின்சென்ட்டின் 'வள்ளி திருமணம்' (1933) கல்கத்தாவில்தான் உருவானது. வள்ளியாக ராஜலட்சுமி. நாரதராக வந்த டி. வி. சுந்தரத்தைப் பிறகு அவர் மணந்துகொண்டார். படம் வசூலை அள்ளியது. 'சினிமா ராணி' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது.

இங்கேதான் நம் பாடப்புத்தக வரி முடிந்துவிடுகிறது. அவரோ அப்போதுதான் தொடங்குகிறார். தான் எழுதிய 'கமலவல்லி' நாவலை எடுத்துக்கொண்டு, ஸ்ரீ ராஜம் டாக்கீஸ் என்ற பெயரில் 1936இல் 'மிஸ் கமலா'வைத் தயாரித்தார். கதை, இயக்கம், நடிப்பு எல்லாம் அவரே. தென்னிந்தியாவில் ஒரு பெண் படம் இயக்கியது அதுவே முதல் முறை. 'காளிதாஸி'ல் அவர் கூலிக்குப் போனவர். 'மிஸ் கமலா'வில் முதலாளி. நாமோ கூலிக்குப் போனதைக் கொண்டாடுகிறோம், முதலாளியானதை அடிக்குறிப்பில் தள்ளுகிறோம். பின்னால் எடுத்த 'இந்தியத் தாய்' அவர் கையைக் கடித்தது. நாற்பதுகளில் சிறு வேடங்களுக்கு வந்துவிட்டார். பணம் போட்டு இழந்த நடிகர்களைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். பணம் போட்டு இழந்த நடிகையைப் பற்றி எழுத ஆள் இல்லை.

'காளிதாஸ்' பிரதி இன்று இல்லை. 'மிஸ் கமலா'வும் இல்லை. தீ தின்றது பாதி என்றால், வெள்ளிக்காக உருக்கப்பட்டவையும் வெயிலில் தூளானவையும் மீதி. ஓடி முடிந்த படம் பழைய தகரம் என்பதே கம்பெனிகளின் கணக்கு. மிஞ்சியதன் கதை இன்னும் வேடிக்கை. 'வள்ளி திருமண'த்தை இயக்கிய அதே பி. வி. ராவ், நாகர்கோவில் தயாரிப்பாளர் சுந்தர்ராஜுக்காக 'மார்த்தாண்ட வர்மா' என்ற மௌனப் படத்தை எடுத்தார். அதற்கு மூலமான நாவலின் உரிமை தொடர்பாக வழக்கு வந்து படம் முடங்கியது. முடங்கியதால் பிழைத்தது, எழுபதுகளில் புனே திரைப்படக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஊரே கற்பூரம் காட்டிய படம் போய்விட்டது, கோர்ட் பூட்டிய படம் இருக்கிறது!

ஆகவே தேட வேண்டிய இடங்களும் அப்படிப்பட்டவைதான்: நீதிமன்ற ஆவண அறைகள், பழைய விநியோகஸ்தர்களின் பரண்கள், தமிழ்ப் படங்கள் கப்பலேறிப் போன இலங்கை, மலேசிய ஊர்கள். தரமணி ரோஜா முத்தையா நூலகம் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் ராஜலட்சுமியின் நடிப்பைப் பாட்டுப் புத்தகத்தில் பார்க்க முடியாது. இத்தனை முதலமைச்சர்களைச் சினிமாவிலிருந்து எடுத்துக்கொண்ட மாநிலம், பிலிமைப் பாதுகாக்கக் குளிரூட்டிய அறை ஒன்றைச் சொந்தமாகக் கட்டிக்கொள்ளக் கூடாதா?

புனே காப்பகம் தொடங்கப்பட்டது 1964இல். ராஜலட்சுமி காலமானதும் அதே ஆண்டுதான். 'மிஸ் கமலா' வந்த சமயத்தில் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. படத்தின் பெயரையே அந்தக் குழந்தைக்கும் வைத்தார்.